'வாரிஸ்' கட்டத்தில் யார் பெயர்?

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயது. செந்தூலில் கணவரோடும் நான்கு வயது மகனோடும் இருக்கிறேன். நான் மூன்றாம் படிவம் படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்துக்கொண்டது சித்திதான். பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவர் விட்டுவிட்டுப் போனதும் கோலாலம்பூருக்கு வந்தார். ஹோட்டலில் இரவு வேலை என்றுதான் இத்தனை வருடமும் சொன்னார். என் டிப்ளோமா படிப்புக்குப் பணம் கட்டியதும் அவர்தான். போன மாதம் தலைவலி மாத்திரை தேடி அவருடைய பையைத் திறந்தேன். உள்ளே ஆணுறைகள். கேட்டதும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சௌகிட் பக்கம், 15 வருடமாகப் பாலியல் தொழில். அவருக்கு இப்போது 46 வயது. என் மகனுக்கு அவர்தான் சோறு ஊட்டுவார். அவனுக்கு ஏதாவது நோய் ஒட்டுமா? கணவர் இனி வீட்டுக்கு வரவேண்டாம் என்கிறார். போலீசில் சொன்னால் மீட்டு, காப்பகத்தில் வைத்து, வேறு வேலை தருவார்கள் என்று அலுவலகத் தோழி சொல்கிறாள். துப்புரவு வேலை ஒன்று பார்த்துச் சொன்னேன்; சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் பணத்தில் படித்ததை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. தீபாவளிக்கு முறுக்கு சுட வருடாவருடம் அவர்தான் வருவார். இந்த வருடம் என்ன சொல்வது?
— பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்:

முதலில் பையன் விஷயத்தை முடித்துவிடுவோம். அது முடியாமல் நான் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

சோறு ஊட்டுவதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், முத்தம் கொடுப்பதால், ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதால் எச்.ஐ.வி. பரவாது. கொசுவும் பரப்பாது. மேகநோய் (சிபிலிஸ்), வெட்டைநோய் (கொனோரியா), கிளமிடியா எல்லாம் உடலுறவில் பரவுபவை. சோற்று உருண்டையில் ஏறி வருபவை அல்ல. கல்லீரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி-க்கு இந்த நாட்டில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். உங்கள் மகனின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், பிறந்ததும் போட்ட முதல் ஊசிகளில் அது இருக்கும். அவ்வளவுதான். அவன் சித்திப்பாட்டி கையால் சாப்பிடட்டும்.

இன்னொன்று. சித்திக்கு நோய் இருப்பதாக உங்களுக்கு யார் சொன்னது? நீங்கள் பார்த்தது ஆணுறைகளை. என்னைப் போன்ற டாக்டருக்கு அது நல்ல செய்தி. 15 வருடத்துக்குப் பிறகும் பையில் ஆணுறை வைத்திருக்கும் பெண் தன் உடம்பைக் கவனிக்கிறவர். இதை எழுதும்போது என் கிளினிக்குக்கு வரும் சில கணவன்மார்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் பையில் அப்படி எதுவும் இருக்காது, பரிசோதனைக்கு வா என்றால் சண்டைக்கு வருவார்கள்.

'அந்தப் பெண்களால் வருகிற நோய்' என்ற பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது 1986-இல், சென்னையில். பாலியல் தொழில் செய்ததற்காகக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். ஆறு பேருக்கு இருந்தது. அந்தச் சோதனையைச் செய்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்தது பெரிய காரியம். ஆனால் அந்தக் கிருமியை அவர்களிடம் கொண்டுவந்த ஆண்களை யாரும் காப்பகத்தில் வைத்து ரத்தம் எடுக்கவில்லை. ஆகவே செய்தியில் நின்றது பெண்கள் மட்டும்தான். மலேசியாவிலும் முதல் தொற்று அதே 1986-இல்தான் பதிவானது. ஆனால் இங்கே முதல் இருபது வருடம் அதை அதிகம் பரப்பியது போதை ஊசியைப் பகிர்ந்துகொண்ட ஆண்கள். அப்படியிருந்தும் நம் வீடுகளில் பேச்சு என்னவோ சென்னைப் பேச்சுதான்.

சரி, இப்போது நான் உண்மையிலேயே சொல்ல நினைத்ததற்கு வருகிறேன்.

நான் பயிற்சி டாக்டராக ஓர் அரசு மருத்துவமனை வார்டில் இருந்தபோது, ஒரு நள்ளிரவு நம் இனத்துப் பெண் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயது இருக்கும். அடிவயிற்றில் தொற்று முற்றி, கடுமையான காய்ச்சல். பாரத்தை நிரப்பும்போது 'வாரிஸ்', அதாவது நெருங்கிய உறவினர், என்ற கட்டத்துக்கு வந்தேன். யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். "அதை விட்டுடுங்க டாக்டர். நீங்க போன் பண்ணா அவங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். விட்டுவிட்டேன். விடியும்போது நினைவு தப்பியது. இரண்டு நாளில் போய்விட்டார். அவருடைய பிள்ளைகள் இருபது நிமிடத் தூரத்தில் ஓர் அடுக்குமாடியில் இருந்தார்கள் என்பது, ஒரு வாரம் கழித்து அவருடைய சிநேகிதி ஒருத்தி வந்து சொல்லித்தான் தெரிந்தது. அவர் ஒரு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் அந்தத் தொற்று மாத்திரையில் அடங்கியிருக்கும். வராததற்குக் காரணமும் அந்தக் காலிக் கட்டம்தான்: கூட வர ஆளில்லை, கேட்க ஆளில்லை, கேட்டால் சொல்ல வாயில்லை.

உங்கள் சித்தி உங்களிடம் சொல்லிவிட்டார். இந்தத் தொழிலில் இருக்கும் பல பெண்களுக்கு இருபது வருடமானாலும் வாய்க்காத ஓர் ஆள் அவருக்குப் போன மாதம் கிடைத்திருக்கிறது. நீங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது: அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி பாரத்தில், அவர் கைத்தொலைபேசியில், அவருடன் வேலை செய்யும் ஒரு தோழியிடம்.

உடம்பு விஷயத்தில் நீங்கள் செய்யக்கூடியது, "செக்கப் போனீங்களா?" என்று விசாரிப்பது அல்ல, கூடப் போவது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான். எச்.ஐ.வி. சோதனை இலவசம், பெயர் கொடுக்காமல் வெறும் எண்ணை வைத்தே செய்துகொள்ளலாம். தொற்று உறுதியானால் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். அந்தத் தகவல் போகிற இடம் சுகாதார அலுவலகம், போலீஸ் அல்ல. இந்தப் பயத்தாலேயே வராமல் இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., மேகநோய் சோதனை அவர் வேலைக்குச் சரியான கணக்கு. கிளமிடியா பெண்களிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது; உள்ளுக்குள் இருந்து கருக்குழாயைக் கெடுக்கும். ஆனால் மாத்திரைக்குக் கட்டுப்படும். மேகநோய்க்கு இன்றைக்கும் பழைய பென்சிலின் ஊசிதான். எச்.ஐ.வி.யே இருந்தாலும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவில்கூட அது இன்னொருவருக்குப் போகாது. தொற்று வருமுன்னே தினமும் போட்டுக்கொள்ளும் பிரெப் மாத்திரையும் இருக்கிறது. 2023 முதல் சில அரசாங்க கிளினிக்குகளிலேயே கொடுக்கிறார்கள். ஆணுறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டிய மருந்து வேறு. அந்த 72 என்ற எண் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், உங்களுக்கும்.

அதே நாளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. சோதனையையும் கேளுங்கள். இப்போது குச்சியை நாமே உள்ளே வைத்து எடுத்துக் கொடுக்கிற முறை வந்துவிட்டது. கால் அகட்டிப் படுக்க வேண்டியதில்லை. அப்புறம் சர்க்கரை, ரத்த அழுத்தம். 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வில் வயது வந்த மலேசிய இந்தியர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நீரிழிவு. சித்தி 46 வயது, இரவு முழுக்க விழிப்பு, விடிகாலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும். என்னிடம் வந்த இந்த அக்காமார்களில் ஒருவர் காலில் இரண்டு விரலை இழந்தார். எல்லாரும் அவருடைய 'அந்த' நோயைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தோம். சர்க்கரையை யாரும் பார்க்கவில்லை. அந்த 'யாரும்' என்பதில் நானும் அடக்கம்.

கிளினிக்கில் தாதி முகம் சுளித்தால்? சுளிப்பவர்கள் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அப்போது பக்கத்தில் அடையாள அட்டையும் பையும் வைத்துக்கொண்டு மகள் முறையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் சுளிப்பு பாதி குறையும். கோலாலம்பூரில் மலேசிய எய்ட்ஸ் மன்றத்தோடு சேர்ந்து வேலை செய்யும் அமைப்புகள், இதே தொழிலில் இருந்த பெண்களையே துணைக்கு அனுப்புவதும் உண்டு. எந்த கிளினிக்கில் மரியாதையாகப் பேசுவார்கள் என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சித்திக்கு அவர்களில் சிலரை ஏற்கெனவே தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, அலுவலகத் தோழியின் யோசனை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போலீஸ் வந்தால் நடப்பது மீட்பு அல்ல, அதிரடிச் சோதனை. லாரி, லாக்கப், தலையைக் குனிந்து முகத்தை மறைத்தபடி மறுநாள் பேப்பரில் படம். நான் வக்கீல் இல்லை. ஆனால் பல வருடமாக ஒரு வக்கீல் சிநேகிதியைத் தொந்தரவு செய்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தண்டனைச் சட்டத்தின் 372பி பிரிவின்கீழ் தொழிலுக்கு ஆள் அழைப்பது குற்றம். ஒரு வருடம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விடுதி நடத்துவது 373-இன் கீழ் குற்றம். இன்னொருவரின் இந்த வருமானத்தில் தெரிந்தே வாழ்வது 372ஏ-யின் கீழ் குற்றம். வீட்டு வாடகையைப் பகிர்ந்துகொள்பவர், காவலுக்கு நிற்பவர், கூடவே இருப்பவர் எல்லாரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். ஆகவே பெண்கள் தனியாக, இருட்டில், அவசர அவசரமாகப் பேரம் பேசுகிறார்கள். ஆணுறை வைத்திருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. ஆனால் அதைச் சாட்சியாகக் காட்டிவிடுவார்களோ என்று அதையும் தூக்கி எறிந்துவிட்டு ஓடுவார்கள். டாக்டராக எனக்கு அந்தச் சட்டங்களின் மேல் உள்ள கோபம் இதுதான். நியூசிலாந்து 2003-இல் இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம், இந்தப் பெண்களையும் கண்ணியத்தோடு நடத்த வேண்டும், சோதனையின்போது படத்தை வெளியிட்டு அடையாளம் காட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. நம் நாடு இன்னும் அங்கே வரவில்லை.

ஒருவேளை சித்தி பிடிபட்டால் அவருக்குள்ள உரிமைகளை இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஏன் பிடிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். வக்கீலோடும் உறவினரோடும் பேச விட வேண்டும். பெண்ணை இன்னொரு பெண்தான் சோதனையிட வேண்டும். 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோயாக வேண்டும். இந்த 24 மணி நேரக் கெடு கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி. குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தின் வக்கீல் இலவசமாக வருவார். அந்த ஒரு போன் யாருக்கு? மறுபடியும் அந்தக் கட்டம்தான்.

ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சித்தியிடம் மெதுவாக, ஒரே நாளில் எல்லாவற்றையும் என்றில்லாமல், கேட்டுப் பாருங்கள்: அவர் சம்பாதிக்கும் பணம் அவர் கைக்கு வருகிறதா? நாளைக்குப் போகமாட்டேன் என்றால் யாராவது தடுப்பார்களா? ஆலோங்கிடம் (வட்டி முதலையிடம்) வாங்கிய கடனைக் காட்டி யாராவது அவரை வைத்திருக்கிறார்களா? அங்கே 18 வயதுக்குக் கீழே ஒரு பெண் இருக்கிறாளா, அல்லது கடப்பிதழைப் பிடுங்கி வைக்கப்பட்ட வெளிநாட்டுப் பெண் இருக்கிறாளா? இதில் எதற்காவது சங்கடமான பதில் வந்தால் அது வேறு கதை. ஆள்கடத்தலுக்கென்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அப்போதும் நேரே போலீஸ் நிலையத்துக்குப் போகாமல், பெண்கள், வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமைக்காக வேலை செய்யும் தெனாகனிதா போன்ற ஓர் அமைப்போடு பேசி, அவர்களோடு சேர்ந்து போங்கள். 15999 என்ற அரசின் தாலியான் காசே உதவி எண் இரவிலும் எடுக்கும்.

அடி, வன்முறை. இதைப் பற்றி அவர் தானாகப் பேசமாட்டார். விருப்பமில்லாமல் நடந்தால் அது வல்லுறவுதான். செய்யும் தொழிலைப் பார்த்துச் சட்டம் விதிவிலக்கு வைக்கவில்லை. அவருக்கு மற்றவர்களோடு இருந்த உறவை நீதிமன்றத்தில் கிளறுவதற்கும் சாட்சியச் சட்டத்தின் 146ஏ பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அப்படி ஏதாவது நடந்தால் குளிக்காமல், உடுப்பை ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு, நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் டாக்டர், போலீஸ், சமூகநல அதிகாரி வந்து பார்க்கும் நெருக்கடி மையம் இந்த நாட்டில் முதலில் கோலாலம்பூர் மருத்துவமனையில்தான் தொடங்கியது. சிகிச்சைதான் முதலில், புகார் கொடுப்பதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.

துப்புரவு வேலை என்றதும் சித்திக்குக் கோபம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். குறைந்தபட்ச சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. கோலாலம்பூரில் ஓர் அறை வாடகை, கடன் தவணை, ஊருக்கு அனுப்புவது போக என்ன மிஞ்சும் என்று நீங்கள் கணக்குப் போட்டீர்களா? அவர் போட்டிருப்பார், பல தடவை. அதோடு, உண்மையைச் சொன்ன இரண்டாவது வாரத்தில் நீங்கள் வேலை விளம்பரத்தை நீட்டினால், அவர் காதில் விழுவது 'இப்படியே இருந்தால் என் வீட்டுக்கு வராதே' என்பதுதான். இந்த வேலையை விட்டவர்களையும் எனக்குத் தெரியும். ஒருவர் காலையில் நாசி லெமாக் கடை போட்டார். அதற்கு நான்கு வருடம் ஆனது, அதில் இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் பழைய வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். விடுவதா, எப்போது என்பது சித்தி எடுக்கும் முடிவு. நீங்கள் உதவ நினைத்தால் அவர் பெயரில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் சுயமாகச் சேமிக்கக் கற்றுக்கொடுங்கள். சுயதொழில் செய்பவர்களுக்கான ஐ-சாரான் திட்டத்தில் அரசும் ஒரு பங்கு போடுகிறது. முதலாளி இல்லாத பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயதில் கையில் என்ன இருக்கும் என்று யாரும் அவரோடு உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

இதை எழுதும்போது 'பாலியல் தொழிலாளி' என்ற சொல்லை நான் அதிகம் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கூட்டத்தில் பேசும்போது அதைத்தான் சொல்வேன், பழைய வசைச் சொற்களைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் என் மேசைக்கு எதிரே உட்காருபவர்கள் யாரும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. "வேலைக்குப் போறேன் டாக்டர்" என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

படிப்புப் பணம். சட்டம் 'தெரிந்தே' என்று சொல்கிறது. உங்களுக்குத் தெரியாது, ஆகவே அந்தப் பயம் வேண்டாம். தூக்கம் வராததற்குக் காரணம் சட்டம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். திருப்பிக் கொடுக்கலாமா என்று மனதில் ஓடுகிறதா? கொடுத்துப் பாருங்கள், அவர் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். ஹோட்டலில் வேலை என்று உங்களிடம் அத்தனை வருடம் பொய் சொன்னதே, அந்தப் பணத்தை நீங்கள் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டு படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். அவர் எதிர்பார்த்தபடி நீங்கள் படித்தீர்கள். சான்றிதழின் ஒரு நகலுக்குக் கண்ணாடி பிரேம் போட்டு அவர் அறையில் மாட்டச் சொல்லிக் கொடுங்கள், வேண்டுமென்றால்.

உங்கள் கணவரைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, அவரை எனக்குத் தெரியாது. இந்தப் பதிலின் முதல் பகுதியை, பையனைப் பற்றியதை மட்டும், அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவருடைய பயம் அதுவாக இருந்தால் அதோடு தீரும். பயம் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதாக இருந்தால், நாலு பேருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சொல்ல வேண்டியவர் சித்தி, அதுவும் அவர் விரும்பினால். உங்கள் அலுவலகத் தோழிக்கு எவ்வளவு தெரியும் என்பதை நினைத்து எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. இனி யாரிடமும் சொல்லாதீர்கள். அவளிடம், ஏதோ தவறாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பொய்க்கு நான் பொறுப்பு.

முறுக்கு மாவு அரைக்க எந்தக் கிழமை வருகிறார் என்று சித்திக்கு இன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் போடுங்கள். எட்டு மணிக்குள் அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு வேலைக்குக் கிளம்பியிருப்பார்.